தேவநேசன் பார்க்கப் போன படகு

வீரணன் சொன்ன ஒரு சொல்லைக்கூட தேவநேசன் நம்பியதில்லை. பதினெட்டு வருசப் பழக்கத்தில் வீரணனுக்கு அதுதான் ஆறாத மனக்குறை. கிணற்று மோட்டாரில் காயில் எரிஞ்சு போச்சு என்று இவன் சொன்னால், மதுரையிலிருந்து ஆள் வந்து அதையே சொல்ல வேண்டும். “கரைக்காரப் பயலுக்கு என்னலே தெரியும்?” என்று சிரிப்பு வேறு. கடலே இல்லாத ராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவனைக் கரைக்காரன் என்று வைகிற ஒரே மனுசர் அவர்தான்.

தேவநேசனுக்குச் சொந்த ஊர் கான்சாபுரம். பதினெட்டு வயதில் கடற்படைக்குப் போனவர். அங்கே பாய்மரப் படகுப் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். அதில் சேர்ந்து இருபது வருசம் காற்றோடே கிடந்தார். பென்சன் வாங்கி வந்து ராஜபாளையத்து நூல் மில்லில் காவல் அதிகாரியாக உட்கார்ந்தும் மனசு கரையேறவில்லை. ஆனி, ஆடியில் செண்பகத்தோப்பு மலைப் பக்கமிருந்து காற்று இறங்கினால் மில் கேட்டிலேயே கண்ணை மூடிக்கொள்வார். “காத்து பதினெட்டு நாட் வேகத்துல அடிக்குலே. பாயை ஒரு மடிப்பு சுருக்கணும்” என்பார். பஞ்சு லாரிகள் அவர் முன்னால் மிதந்து மிதந்து உள்ளே போகும்.

கொச்சியில் முப்பத்தெட்டு அடிப் பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வந்தது. வேகமாக ஓடும், மாதக்கணக்கில் குடியிருக்கவும் செய்யலாம். லட்சத்தீவு தாண்டி மாலத்தீவு வரைக்கும் போவதென்று அவரும் மனைவி ஏசம்மாளும் முடிவு பண்ணிவிட்டார்கள். மிச்சமிருந்த கான்சாபுரத்து வயலை அதற்காகத்தான் விற்க இருந்தார். கொச்சிக்குக் கார் ஓட்ட வீரணனைக் கூப்பிட்டார், ஸ்ரீவில்லிபுத்தூரில் லாரி வைத்திருப்பவன் அவன்.

சுக்கான், இஞ்சின், பாய், தளம், கயிறு இழுக்கிற விஞ்ச் என்று காலையெல்லாம் தட்டித் துருவிப் பார்த்தார் தேவநேசன். அப்புறம் தரகர் படகைக் கடலுக்குள் விட்டார். இஞ்சினை நிறுத்தியதும் உலகமே வாயை மூடிக்கொண்டது போலிருந்தது. பாய் காற்றைக் குடித்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாலில் கத்தி இறங்குகிற மாதிரி போனது. தேவநேசனின் முகத்தில் முப்பது வயது குறைந்திருந்தது. பயந்தபடி ஏறிய வீரணனுக்கும், தான் மிதக்கிறோமா பறக்கிறோமா என்று தெரியவில்லை.

லாரிக்காரன் கை சும்மா இருக்காது. டயரைக் கம்பியால் தட்டி, சத்தத்திலேயே காற்றளவு சொல்கிற கை. கிடந்த ஸ்குரூ டிரைவரின் பிடியால் தளத்தை அவன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே நகர்ந்தான். டங், டங் என்றது. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி தளத்தில் இறங்குகிற இடத்தில் மட்டும் தொப்பென்றது.

“அண்ணாச்சி, இங்க சத்தம் செத்துக் கிடக்கு.”

“ஏலே, இது என்ன உன் லாரி டயரா?”

“டயரோ என்னமோ. உள்ள ஊறிப்போய்க் கிடக்கு. வந்து தட்டிப் பாருங்க.”

“புதுப் பெயிண்டாக்கும், அதான்” என்றார் தரகர்.

தேவநேசன் சுக்கானை அவரிடம் கொடுத்துவிட்டு வந்து மண்டியிட்டார். தட்டினார். காதை வைத்து மறுபடி தட்டினார். அதே செத்த சத்தம்தான். இரண்டு பைபர் தகட்டுக்கு நடுவே மெத்தை மாதிரி நுரை வைத்துச் செய்த தளம் அது. தண்ணீர் புகுந்து நுரை நைந்துவிட்டால், நடுக்கடலில் ஒரு பெருங்காற்றுக்குக் கம்பி பிடுங்கிக்கொண்டு வரும், பாய்மரம் சாயும். அவருக்கு யாரும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் அந்த ஒரு இடத்தை மட்டும் அவர் தட்டாமல் விட்டது மறதியா, பயமா என்று வீரணன் கேட்கவில்லை. அவர் மண்டியிட்டபடியே, பாயை அண்ணாந்து பார்த்தபடியே, துறைமுகம் வரும்வரை இருந்தார்.

மறுநாள் காலை கிளம்பி செங்கோட்டை தாண்டினார்கள். சிவகிரிக்கு முன்னால் மலைக்காற்று காரை ஒரு தள்ளு தள்ளியது. தரகரின் போன் மூன்றாவது தடவையாக அடித்தது.

“ஓரமா நிறுத்துலே வீரணா” என்றார். போனை அவன் மடியில் வைத்தார். “படகு வேண்டாம்னு நீயே சொல்லிரு. எனக்கு வாய் வரமாட்டேங்கு.”