விப்பிட்டேனோவில் கண்ட பூசை

1. சனிக்கிழமை காலை பலேர்மோவிலிருந்து வெரோனாவுக்கு விமானம். அங்கிருந்து மலைகளுக்குள்ளே ரயில்.

2. விப்பிட்டேனோவில் இறங்கினோம். இத்தாலியின் வடகோடியில், ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கத்தில், ஜெர்மன் பேசும் சின்னப் பட்டணம்.

3. என் கணவர் தன்னை வேலைக்குக் கூப்பிட்ட ஹோட்டலின் சமையலறையைப் பார்த்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

4. ஞாயிறு, அங்குள்ள தேவாலயப் பூசையில் அவர் சப்பாத்தைக் கழற்றினார்.

மூன்றாவதற்காகத்தான் போனோம். பலேர்மோவில் எல்லோரிடமும் சுற்றிப்பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தோம். அங்கே அவர், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டு வேலைகளைப் பார்க்கிறார், விருப்பம் சமையலில். நான் மென்பொருள் சோதிக்கிறவள். மறுப்பதற்கான காரணங்களைப் போகும்போதே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்: குளிர், மொழி, என் வேலை, தமிழ்ப் பூசை இல்லாத ஞாயிறு. கடைசியில் இருப்பதுதான் உண்மையில் முதலாவது.

பனியை அதுவரை தூரத்து மலையுச்சியில் வெள்ளைக் கோடாகத்தான் பார்த்திருந்தேன். இங்கே அது கூரையிலும் மதிலிலும் யாரோ நிறுத்திவிட்டுப் போன சைக்கிளின் சீட்டிலும் கிடந்தது. தெருவின் இருபுறமும் பச்சை, மஞ்சள், ரோஸ் வீடுகள். நடுவில் ஒரு கோபுரம். அதற்குப் பின்னால் உடனேயே மலை, அண்ணாந்து பார்க்கிற உயரத்தில். பலேர்மோவில் நாங்கள் இருக்கும் அல்பெர்கேரியாவில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டார் போனில் கதைப்பது முழுவதும் கேட்கும். இங்கே எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கே கேட்டது. ஏனென்று தெரியாமல் இருவரும் குரலைத் தாழ்த்தினோம்.

ஞாயிறு காலை கோயிலுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். இடப்பக்க வாங்குகளில் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். பலேர்மோவில் புருசன் பெண்சாதி சேர்ந்துதான் இருப்போம். இது நாங்கள் இருவரும் பிறந்த மன்னாரில் உள்ள வழக்கம். ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போனோம்.

திரும்பிப் பார்த்தால் வாங்கில் அவரைக் காணவில்லை. வாசலுக்குப் போய், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு உறைந்த கல்தரையில் நடந்து வந்துகொண்டிருந்தார். மன்னாரில் செய்வது போலவே. அவர் போய் இருந்ததும், அவருக்குப் பக்கத்திலிருந்த கிழவர் அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு தான் இருந்த கம்பளி மெத்தையை உருவி, பீடத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அவர் காலடிக்குத் தள்ளிவிட்டார்.

பாட்டுத் தொடங்கியது. முழுக் கோயிலும் பாடியது. ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் எப்போது எழும்ப வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

வெளியே வந்து கேட்டேன். “என்ன, மடு மாதா கோயிலுக்கு வந்திட்டன் எண்டு நினைச்சியளோ?”

“பொம்பிளையள் ஒரு பக்கம் இருக்கிறதைக் கண்டதும் கால் தானாக் கழட்டிப்போட்டுது,” என்றார், சப்பாத்து நாடாவைக் கட்டியபடி. “விறைச்சுப் போச்சு. நீர் சிரிக்கிறீர்.”

“அந்த ஐயா மெத்தை தந்தவர்தானே.”

“ஓம். தன்ரை இருக்கையைத் தந்திட்டுப் பூசை முடியுமட்டும் வெறும் பலகையிலை இருந்தவர்.” நாடாவை முடிந்துவிட்டு நிமிர்ந்தார். “இப்ப சொல்லும். வேண்டாம் எண்டால் வேண்டாம்.”

“குளிர் அப்பிடியேதான் இருக்கு,” என்றேன். “மொழியும். எண்டாலும் வருவம்.”

ரயிலிலிருந்தே அவர் ஹோட்டலுக்குச் சம்மதம் எழுதினார். வேலை ஈஸ்டருக்குப் பிறகு தொடங்குகிறது. அங்கிருந்து வேலை செய்யலாமா என்று என் அலுவலகத்தைக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. சிஞ்ஞோராவுக்கு இன்னும் சொல்லவில்லை.