டோமா பிரித்துக் கட்டிய அடுப்பு

பத்தொன்பது வருஷம் மலையடி முகாமில் சோறு பொங்கிப் போட்டவள் டோமா. கும்ஜுங்கில் என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அவள் வீடு. அவள் கையால் சாப்பிட்டுவிட்டு சோமோலுங்மாவின் உச்சிக்குப் போய் வந்தவர்கள் எத்தனையோ நூறு பேர். உலகம் அதை எவரெஸ்ட் என்கிறது, சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் சமையல் கூடாரத்திலிருந்து நூறு எட்டில் தொடங்கும் பனியருவியில் டோமா ஒருநாளும் கால் வைத்ததில்லை. காலையில் ஆட்கள் பனிவெடிப்புகளின் மேல் பாலமாகப் போட ஏணிகளைத் தூக்கிக்கொண்டு அதற்குள் போவதைக் கரண்டியும் கையுமாக நின்று பார்ப்பாள். பார்த்து முடித்து உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுவாள்.

மேலே ஏறும் ஆசை அவளுக்கு அப்பன் வழியில் வந்தது. அப்பன் உர்க்கியன் அந்தக் காலத்துச் சுமைக்காரர். பிராணவாயு உருளைகளை மூன்று தடவை கடைசி முகாம் வரைக்கும் சுமந்தவர். மூன்று தடவையும் துரைமார் முதுகில் தட்டி, "நீ கீழே போ" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் ஊருக்குப் போய்ப் புத்தகம் எழுதினார்கள். அதில் உர்க்கியனுக்குப் பெயர்கூடக் கிடையாது. "ஒரு சுமைக்காரன்" என்று ஒரு வரி. யாரோ அதைப் படித்துச் சொன்னபோது மனுஷர் சிரித்தார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. டோமாவுக்கு அப்போது பதினோரு வயது. அவளும் சிரிக்கவில்லை.

பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பிழைப்புக்குக் கரண்டி. நாற்பதை நெருங்கும்போது, ஒரு குளிர்காலத்தில், போர்ட்சேயில் நடக்கும் மலையேற்றப் பயிற்சிக்குப் போய் நின்றாள். பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

"அக்கா, இங்க உருளைக்கிழங்கு உரிக்கிற வேலை எல்லாம் இல்ல" என்றான் ஒருவன்.

"தெரியும்டா. உன்னை உரிக்கத்தான் வந்திருக்கேன்."

அடுத்த குளிர்காலமும் போனாள். கயிறேறுவதில் முதல் ஆளாகத் தேறி வந்தாள். வந்த கையோடு எங்கள் குழுவின் சர்தார் கியால்செனிடம் போனாள். யாரை எங்கே அனுப்புவது என்பது அவன் வாயில் இருந்தது. கியால்சென் நல்லவன்தான், ஆனால் இதமாகப் பேசத் தெரியாத பிறவி.

"அண்ணே, இந்த வருஷம் என்னையும் மேல அனுப்புங்க. சும்மா வேணாம், சுமையோட."

"நீ மேல போயிட்டா கீழ எவன் எங்களுக்குச் சோறு போடுவான்?"

"திங்கறதுக்கு வாய் இருக்குல்ல? பொங்கறதுக்குக் கையும் இருக்கும்."

கியால்சென் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "கயிறு உச்சி வரைக்கும் கட்டி முடியட்டும். அப்புறம் நாலு உருளை சுமந்துக்கிட்டு நீ போகலாம். பாதியில முடியலன்னு வந்து நின்னே, அடுத்த வருஷம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

கல்லடுக்கி, கொடி கட்டி, லாமா வந்து ஓதாமல் எங்கள் ஆட்கள் பனியில் ஓரடி வைக்க மாட்டார்கள். அந்த வருஷம் முகாமில் நடந்த பூஜைக்கு லோபுச்சேயிலிருந்து நாக் பால் வந்திருந்தது. வெளியூர்க்காரர்கள் யாக் பால் என்பார்கள். யாக் என்பது காளை, நாக்தான் பசு. நாங்கள் கேட்டுச் சிரித்துக்கொள்வோம். டோமா பாலை அடுப்பில் ஏற்றினாள். அன்று காலையில்தான் அவளுக்குப் புது பூட்ஸும் அதன் அடியில் மாட்டும் இரும்புப் பற்களும் வந்து சேர்ந்திருந்தன. கை சும்மா இருக்குமா? ஒரு நிமிஷம் மாட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூடாரத்துக்குப் பின்னால் போனாள்.

பால் பொங்கி, வழிந்து, அடுப்பில் கருகியது. நாற்றம் முகாம் முழுக்கப் பரவியது. லாமா ஓதுவதை நிறுத்தினார்.

எங்களிடையே அதைவிடக் கெட்ட சகுனம் இல்லை. பால் பொங்கி அடுப்பில் கருகினால் அடுப்புத் தெய்வத்துக்குத் தீட்டு. அதுவும் ஏறுவதற்கு உத்தரவு கேட்டுப் பூஜை நடக்கும்போது! ஒரு காலில் இரும்புப் பல்லோடு டோமா நொண்டிக்கொண்டு ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. லாமா வாசனைத் தழையைப் போட்டுப் புகை எழுப்பச் சொல்லி, எப்படியோ பூஜையை முடித்துவிட்டுப் பங்போச்சேக்குத் திரும்பினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் பனியருவியில் வீடு அளவுப் பனிப்பாளம் ஒன்று உடைந்து விழுந்தது. உள்ளே ஆள் யாரும் இல்லை, பிழைத்தோம். மூன்று ஏணிகள் நசுங்கிப் போயின. சாயங்காலம் சாப்பாட்டுக் கூடாரத்தில் எல்லோரும் கூடினோம். ஏணிக்காரர்களுக்கு மூத்தவனான சேவாங் பேச்சை ஆரம்பித்தான்.

"பால் கருகினப்பவே நினைச்சேன். டோமா அக்கா மேல வந்தா நாங்க வர மாட்டோம். அவ்வளவுதான்."

அவள் போக வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றான் கியால்சென். எல்லாக் கையும் எழுந்தது. முகாமில் ரேடியோ பார்ப்பவன் நான். எந்தப் பாளம் என் தலையில் விழப்போகிறது? இருந்தும் என் கையும் எழுந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் மேல் எனக்கு எத்தனையோ பிரியம் உண்டு, ஆனால் பயம் பிரியத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நிமிர்ந்தபோது கூடார வாசலில் டோமா டீக் கெட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள்.

உள்ளே வந்து எல்லோருக்கும் டீ ஊற்றினாள். ஊற்றி முடித்துவிட்டு, "தப்பு என்னோடதுதான். எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் கல் உருளும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அடுப்பு மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பால் கருகிய கற்களை ஒவ்வொன்றாக முதுகில் ஏற்றி, முகாமுக்கு வெகு தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டாள். நான் உதவிக்குக் குனிந்தேன்.

"கிட்ட வராதீங்க அண்ணே. தீட்டு என்னோடயே போகட்டும்."

புதுக் கல் கொண்டுவந்து மேடையைக் கட்டினாள். மூன்று நாள் காலை, மாலை புகை போட்டாள். நடந்தே பங்போச்சே போய் லாமாவைக் கையோடு அழைத்து வந்தாள். அவர் புது அடுப்புக்கு ஓதி, தண்ணீர் தெளித்து, "அடுப்பு சுத்தமாயிடுச்சு" என்றார். சேவாங்கின் முகம் மட்டும் தெளியவில்லை.

அப்போதுதான் டோமா அந்தக் காரியத்தைச் செய்தாள். பூட்ஸ் மாட்டி, புது ஏணி ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு ஏணிக்காரர்கள் முன்னால் வந்து நின்றாள்.

"முன்னால நான் போறேன். மலைத்தாய்க்குக் கோவம்னா என் மேலதானே? ஏதாவது ஆச்சுன்னா நீங்க திரும்பிடுங்க."

"பைத்தியமா அக்கா உனக்கு?" என்றான் சேவாங்.

"பத்தொன்பது வருஷமா அவ மடியில ஏறி விளையாடுற புள்ளைங்களுக்குச் சோறு போட்டிருக்கேன். ஒருநாள் பால் கருகினதுக்காடா என்னைத் தள்ளிடுவா?"

அந்த மலையில் குடியிருக்கும் தெய்வம் மியோலாங்சங்மா, கையில் உணவுக் கிண்ணம் ஏந்தியவள். எங்கள் ஊர்க் கோயில் சுவரிலும் அப்படித்தான் வரைந்திருக்கும். லாமா மூக்கைச் சிந்திக்கொண்டே, "அவளும் சோறு போடுறவதானே" என்றார்.

டோமா திரும்பிப் பார்க்காமல் பனியருவிக்குள் நடந்தாள். ஒரு நிமிஷம் சென்று சேவாங், "சும்மா நிக்கிறீங்களே, வாங்கடா!" என்று தன் ஆட்களைத் திட்டிக்கொண்டு பின்னால் ஓடினான். மத்தியானம் மூன்று ஏணிகளையும் போட்டுவிட்டு எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அன்றுதான் மூச்சு வந்தது.

மே மாதம் மூன்றாம் வாரம், காலை ஒன்பது மணி வெயிலில் ரேடியோ கரகரத்தது. மேலே போனவர்கள் அதில் அழுவார்கள், கூவுவார்கள், பெண்டாட்டி பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். இவள் குரல் கடைக்கு வந்தவள் மாதிரி இருந்தது.

"அண்ணே, கேக்குதா?"

"கேக்குது. சொல்லும்மா."

"வந்துட்டேன். இதுக்கு மேல போக இடமில்ல."

கியால்சென் ரேடியோவைப் பிடுங்கினான். "டோமா, பத்திரமா இறங்கு. கயிறை விடாதே. மெதுவா வா, தங்கச்சி." அவன் யாரையும் தங்கச்சி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் உதடு வெடித்து, மூக்கு கறுத்து இறங்கி வந்தாள். தனியாகக் கிடைத்தபோது, அன்று நானும் கை தூக்கினேன் என்று சொன்னேன்.

"பார்த்தேன் அண்ணே. நானே உட்கார்ந்திருந்தாலும் தூக்கியிருப்பேன்" என்றாள். நான் அழுதேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த வருஷத்துக்கு ஆள் சேர்க்க கியால்சென் கும்ஜுங்குக்கு வந்தான். டோமா வீட்டில் உட்கார்ந்து இரண்டு தட்டு உருளைக்கிழங்கு அடையைத் தின்று தீர்த்துவிட்டு, "சமையலுக்கு உன் பேரை எழுதிடட்டா?" என்றான்.

"சமையலுக்கு வேற ஆளைப் பாருங்க அண்ணே. நான் ஏற வர்றேன்."

கியால்சென் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான். "உனக்குச் சோறு பொங்கத் தெரியுமாடா?"