0.6 மீட்டர்

நான் மருந்துக் கடை வைத்திருப்பவள். மில்லிகிராம் கணக்கு ஒன்று தவறினால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் காபிக் கோப்பையோடு அடுத்த மேசைக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடக் கற்பனை இல்லை. நேரத்தையெல்லாம் அன்றைக்கே எழுதி வைத்துவிட்டேன். பேய் இருட்டில்தான் வரும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இது நடந்தது காலை பதினொரு மணிக்கு.

பிப்ரவரி பள்ளி விடுமுறை. வருடா வருடம் அந்த ஒரு வாரம் நாங்கள் மலைக்குப் போய்விடுவோம். நான், என் கணவர் ஃபைட், எங்கள் ஒரே மகள் அனலீஸ். அவளுக்குப் பதினாலு வயது. இதுவரை மேலே தூக்கிப்போக லிஃப்ட் இருக்கிற, சீர்செய்த பனிமலைச் சரிவுகளில்தான் ஸ்கீ கட்டிச் சறுக்கியிருக்கிறாள். இந்தத் தடவை லிஃப்டே இல்லாத மலைக்கு, ஸ்கீயின் அடியில் பின்னால் வழுக்காத பட்டை ஒட்டி, காலால் ஏறி வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. என் மருந்துக் கடை அந்த மலையடிவாரத்தில் இருக்கிறது. மேலே போய்த் திரும்பாதவர்களின் அம்மாக்கள் தூக்க மாத்திரை வாங்க என்னிடம்தான் வருகிறார்கள்.

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம் லிண்டே," என்றார் ஃபைட். "எலி என்னைவிட நல்லா சறுக்குறா."

அவர் அவளை எலி என்றுதான் கூப்பிடுவார். பிறந்த அன்று, துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது வைத்த பெயர். அதை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஒத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் நானே சரிபார்ப்பேன் என்பதுதான் என் நிபந்தனை. ஒரு வாரம் எங்கள் சமையலறை முழுக்க மெழுகு வாடை. ஸ்கீக்கு மெழுகு தேய்த்தோம். மண்வாரி, கயிறு, குதிகாலுக்குப் பிளாஸ்திரி என்று எடுத்து வைத்தேன். மூன்று பீப்பருக்கும் புது பேட்டரி போட்டேன்.

பீப்பர் என்பது நெஞ்சில் கட்டிக்கொள்கிற சின்னப் பெட்டி. சும்மா இருக்கும்போது அது சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது பனிச்சரிவில் புதைந்தால், மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றி, சத்தத்தை வைத்துத் தோண்டி எடுப்பார்கள். அனலீஸுடையது மட்டும் பழையது. நவம்பரில் தீயணைப்பு நிலையத்தில் பழைய ஸ்கீ சாமான் சந்தை நடக்குமே, அங்கே வாங்கியது. விற்ற அம்மாள் அதைச் சட்டென்று கையை விட்டு விடவில்லை.

"யாருக்கு?"

"பொண்ணுக்கு. பதினாலு வயசு."

"என் பையனோடது," என்றாள். "ஒரே ஒரு தடவைதான் போட்டான்."

பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்குவதும், ஒரு நாளில் அலுத்து மூலையில் போடுவதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன். வீட்டில் ஸ்விட்சைப் போட்டதும் பச்சை விளக்கு மின்னியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

முதல் இரண்டு நாள் சொர்க்கம். நல்ல வெயில். லிஃப்ட் சரிவில் மூன்று பேரும் போட்டி போட்டுச் சறுக்கினோம். சாயங்காலம் மலைக்குடிலில் சீஸ் உருண்டை போட்ட சூப், பெரியவர்களுக்கு ரம் கலந்த டீ. குடிலை நடத்தும் புர்க்ல் என் வயதுக்காரி, நாக்கு நீளம். ஃபைட் மரியாதையாக "நீங்க" என்று ஆரம்பித்ததும் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், ஆயிரம் மீட்டருக்கு மேல ஏது நீங்க? இங்க எல்லாரும் நீதான். மரியாதையெல்லாம் கீழ பார்க்கிங்லயே வச்சிட்டு வா."

நாளைக்கு எங்கே போகிறோம் என்று கேட்டாள். 'விரிப்பு'க்கு அந்தப் பக்கம் என்றார் ஃபைட். குடிலுக்கு மேலே உள்ள அகலமான சரிவு அது. கட்டிலில் விரித்த துணி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர்.

புர்க்லின் சிரிப்பு நின்றது.

"மூடுபனி வந்தா திரும்பிடு," என்றாள். "வேற எதுவும் சொல்லல. திரும்பிடு."

புதன்கிழமை காலை 7:14. குடில் வாசல்.

கிளம்பும் முன் சோதனை செய்வது எங்கள் வழக்கம். ஒருவர் தன் பீப்பரைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போக வேண்டும். நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். விலக விலகக் குறையும். நான்தான் நின்றேன்.

ஃபைட் கடந்தார். பீப்... பீப்.. பீப் பீப் பீப். சரி.

அனலீஸ் வந்தாள். சத்தம் வரவில்லை. என்னைத் தாண்டினாள். அப்போதும் இல்லை. அவள் மூன்று மீட்டர் தள்ளிப் போன பிறகு...

பீப் பீப் பீப்.

என் முகத்துக்கு நேரே, அவள் இல்லாத இடத்தில், சத்தம் உச்சத்துக்குப் போனது. திரையில் 0.6. பிறகு மெல்ல அவள் பின்னாலேயே நகர்ந்து போனது.

"என்னம்மா, சரியா?" என்று திரும்பிக் கேட்டாள்.

பழைய கருவி, கொஞ்சம் தாமதமாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். சரி என்று தலையாட்டினேன். அந்த யோசனையிலேயே என் பீப்பரைத் திரும்ப அனுப்பும் நிலைக்கு மாற்ற மறந்துவிட்டேன். மலைக்குப் போகிறவர்கள் செய்யவே கூடாத தப்பு அது. நான் புதைந்தால் யாராலும் என்னைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாவற்றையும் நானே சரிபார்ப்பேன் என்று வீறாப்பு பேசியவள் நான்.

ஏறினோம். முன்னால் ஃபைட், நடுவில் நான், கடைசியில் அனலீஸ். பனியில் ஸ்கீ உரசும் சத்தம். ஸ்ஸ்... ஸ்ஸ்... ஸ்ஸ்...

9:35. தண்ணீர் குடிக்க நின்றோம். ஃபைட் நின்றார். நான் நின்றேன். அனலீஸ் நின்றாள்.

ஸ்ஸ்.

அதன் பிறகுதான் அமைதி.

"எலி, காலை ஆட்டாம நில்லு," என்றார் ஃபைட்.

"நான் ஆட்டவே இல்லப்பா."

என் நெஞ்சுப் பக்கம் ஏதோ டிக்... டிக்... என்றது. மேலே மூன்று சட்டை, தலையில் தொப்பி, காற்று வேறு. கைக்கடிகாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

10:40. மூடுபனி இறங்கியது. பத்து நிமிடத்தில் நாலைந்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. விரிப்பின் ஓரத்தில் நின்றிருந்தோம்.

"திரும்பிடலாம்," என்றேன்.

"நூறு மீட்டர்தான் லிண்டே. கடந்துட்டா பாறைத் திட்டு. அங்கேர்ந்து பத்திரமா இறங்கிடலாம். வந்த வழிதான் இப்ப மோசம்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும். முதல் ஆள் அந்தப் பக்கம் சேர்ந்ததும் 'வா' என்று குரல் கொடுப்பார். அதற்கு முன் அடுத்த ஆள் காலெடுத்து வைக்கக் கூடாது.

10:52. ஃபைட் போனார். ஐந்தாறு மீட்டரில் மறைந்துவிட்டார்.

காத்திருந்தோம். காற்று நின்றுவிட்டது. இவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

11:03.

"அனலீஸ்... வா."

ஃபைட்டின் குரல்தான். கொஞ்சம் தட்டையாக, களைப்பாக இருந்தது.

"அப்பா கூப்பிடுறாரு," என்றாள்.

"போ," என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாயால், என் மகளிடம்.

அவள் போனாள். ஒரு அடி. இரண்டு. மூன்று...

என் நெஞ்சில் அந்த டிக் டிக் வேகமாகியது. பீப்.. பீப் பீப்... பீப்பீப்பீப்பீப். கடிகாரம் இல்லை! சட்டையைப் பிரித்துப் பெட்டியை வெளியே இழுத்தேன். தேடும் நிலையிலேயே இருந்தது. அது வெளியே வந்ததும் சத்தம் ஒரே அலறலாக மாறியது.

திரையில் 0.6.

அனலீஸ் நாலு மீட்டர் தள்ளி இருந்தாள். 0.6 என்றால் என் கை எட்டும் தூரம்.

அங்கே யாரும் இல்லை.

பனியில் மட்டும், எனக்கும் அவளுக்கும் நடுவே, ஒரு ஜோடி ஸ்கீத் தடம்... அவளுடையதைவிடக் குறுகலாக. குறுக்கே. இதற்கு மேல் வராதே என்று வழி மறித்த மாதிரி.

"நில்லு!" என்று கத்தினேன். "அனலீஸ், நில்லு!"

நின்றாள்.

"அனலீஸ்... வா."

மறுபடியும் அந்தக் குரல். இந்தத் தடவை கிட்டத்தில். அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. சரிவின் நடுவிலிருந்து.

அப்போதுதான் உறைத்தது.

பதினாலு வருடத்தில் ஃபைட் ஒரு தடவைகூட அவளை அனலீஸ் என்று கூப்பிட்டதில்லை.

பாய்ந்தேன். அவள் முதுகுப்பையைப் பிடித்தேன். இழுத்தேன். இருவரும் பின்னால் விழுந்தோம்.

வூம்ஃப்.

காலுக்கடியில் ஒரு பெருமூச்சு. எங்கள் கண்ணெதிரே பனியில் ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது எல்லாம்... போனது. ஒரு கர்ஜனை. முகத்தில் மாவு மாதிரி பனி.

11:04.

பிறகு ஒன்றுமில்லை.

என் பீப்பரும் ஊமையாகிவிட்டது.

"ஃபைட்!" என்று கத்தினேன். பதில் இல்லை. "ஃபைட்!"

அனலீஸ் அழுதாள். நானும் அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

அப்புறம், ரொம்ப தூரத்தில்...

"எலி! எலி எங்கே? லிண்டே, எலி எங்கே?"

அந்தக் குரலுக்குப் பதில் சொன்னேன்.

அவர் பாறைத் திட்டு வழியாகச் சுற்றி இறங்கினார். நாங்கள் ஏறி வந்த மேட்டு விளிம்பைப் பிடித்து அங்குலம் அங்குலமாக இறங்கினோம். 11:50க்குக் கீழே சந்தித்தோம். மகளைக் கட்டிப்பிடித்தவர் கையை எடுக்கவே இல்லை.

"ஏன் அவளைக் கூப்பிட்டே?" என்று அவர் மார்பில் குத்தினேன்.

"நானா? நான் வாயையே திறக்கல. நடுவுல காலுக்கடியில பனி முனகுச்சு. நீங்க வரவே கூடாதுன்னு நினைச்சேன். கத்துனா பதிலுக்கு நீ கிளம்பிடுவியோன்னு பயந்து சும்மா நின்னேன்."

குடில் வாசலுக்கே புர்க்ல் வந்துவிட்டாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள். மூன்று கோப்பை சூடான பாலை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இது முடிந்து மூன்று வாரம். அனலீஸின் பீப்பரைச் சோதிக்கச் சொல்லி ஊரில் கருவி பழுது பார்ப்பவரிடம் கொடுத்திருந்தேன். போன் செய்தார்.

"இதைக் கட்டிக்கிட்டா மலைக்குப் போனீங்க? உள்ளே ஆன்டெனா ரெண்டா உடைஞ்சிருக்கு. பலமான அடி. முறிஞ்ச இடத்துல துரு ஏறிக் கிடக்கு, உடைஞ்சு சில வருஷமாவது இருக்கும். பேட்டரி இருந்தா விளக்கு மட்டும் மின்னும். சிக்னல் அனுப்பவே முடியாது."

"அன்னைக்குக் காலையில சோதிச்சப்ப சத்தம் வந்துச்சே."

"இதுலேர்ந்து வந்திருக்காது, மேடம்."

பீப்பர் வாங்கிய அட்டைப்பெட்டிக்குள் சந்தைச் சீட்டு அப்படியே இருந்தது. விற்றவர் பெயரும் போன் எண்ணும் இருந்தன. இரண்டு நாள் யோசித்துவிட்டு எண்களை அழுத்தினேன். அந்த அம்மாள்தான் எடுத்தாள். பையன் பெயர் எமரிச். பதினாலு வயது. நாலு வருடம் முன்பு, இதே பிப்ரவரி விடுமுறை, அப்பாவோடு முதல் தடவையாக மலை ஏறியிருக்கிறான். அதே விரிப்பு. நூறு பேர் தேடினார்கள், நாய்கள் தேடின, பீப்பர்கள் தேடின. ஒரு சத்தமும் வரவில்லையாம். ஜூன் மாதம் பனி உருகித்தான் கிடைத்தான்.

"ரொம்ப ஆழத்துல இருந்திருப்பான்னு சொன்னாங்க," என்றாள்.

கருவி உடைந்திருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பீப் சத்தம் எங்களுக்குக் கேட்டது என்று சொன்னேன். குரலைப் பற்றியும் சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரர்தான் பையனைச் சரிவுக்குள்ள கூப்பிட்டுட்டாருன்னு ஊரே சொல்லுது," என்றாள். "மேல நின்னவங்க காதால கேட்டிருக்காங்க. நான் கூப்பிடவே இல்லைன்னு இவர் தலையில அடிச்சுக்கிட்டாரு. நானும் நம்பல. இருங்க, பக்கத்துல வந்து நிக்கிறாரு."

போன் கை மாறும் சத்தம். ஒரு ஆளின் மூச்சு.

"எத்தனை தடவை கூப்பிட்டுச்சு?"

"ரெண்டு."

"முழுப் பேரைச் சொல்லித்தானே?"

"ஆமாம்," என்றேன்.

அவர் அழுகிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"கேட்டியா?" என்றார், என்னிடம் இல்லை, மனைவியிடம். "என் புள்ளைய நான் ஒரு நாளாவது எமரிச்னு கூப்பிட்டிருக்கேனா? டேய்னுதானே கூப்பிடுவேன்?"