வெயிலில் முகம் காயப்போடும் கலந்தர்

போன மாதம் ஒருநாள் பின்னேரம் மூன்று மணி வெயிலில் கலந்தர் காக்கா சாய்ந்தமருதுக் கடற்கரையில் முகத்தைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, கண்ணை மூடி, ஒரு பக்கம் சுட்டதும் மறுபக்கம் திருப்பினார். கருவாடு காயவைக்கும் பெண்கள்கூட அந்நேரம் நிழலுக்குப் போய்விடுவார்கள். "என்ன காக்கா, கருவாடா?" என்று கேட்டேன். "ஓம், உப்புத்தான் இன்னும் போடல்ல" என்றார், கண்ணைத் திறக்காமலே.

எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன். மனிதர் முன்பு மீன் பிடிக்கக் கடலுக்குப் போனவர். சுனாமியில் தம்பியைப் பறிகொடுத்த பிறகு மருதமுனைக்குப் போய்த் தறிக்கொட்டிலுக்குள் உட்கார்ந்தார். சண்டை முடிந்த இந்த வருடம்தான் வெளியே வந்திருக்கிறார். கூரைக்குக் கீழே இருந்து இருந்து முகம் துவைத்த வெள்ளைச் சாரன்போல் வெளிறிவிட்டது. ஊருக்கு அது போதாதா? மஞ்சட்காமாலை என்றார்கள் சிலர், உள்ளே ஏதோ தின்கிறது என்றார்கள் சிலர். மனைவி உம்மு மாட்டு ஈரலாகப் பொரித்துப் போட்டாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. எனக்கும் சும்மா இருக்க முடியவில்லை. ஆளிடமே விசாரித்தேன்.

"நோயும் இல்ல, ஒண்டும் இல்ல தம்பி. மீராசா தோணியில ஏத்தமாட்டன் எண்டுறான். அதுக்குத்தான் கறுக்கிறன்."

தோணிக்காரர் மீராசா ஆளை ஏற்றுமுன் முகத்தைப் பார்ப்பார். வெளிறிய முகமென்றால் கடலுக்குப் பயந்து ஒதுங்கியவன் என்பது அவருடைய முடிவு. "காத்துக் கிளம்பினா முதல்ல கயித்த விடுறவன் அவன்தான்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. காலை வெயில் இதமாயிருக்குமே, ஏன் இந்த மண்டை பிளக்கும் வெயில்?

கேட்டேன். காக்கா மறுகன்னத்தைத் திருப்பிக்கொண்டார். "காலம வெயில் கடலுக்கு மேல, கடலப் பாத்துக்கிட்டு இரிக்கணும். பின்னேரம் எண்டா ஊரப் பாத்து இரிக்கலாம்."

அப்போதுதான் கவனித்தேன், கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு பயமென்றால் தறியிலேயே இருந்துவிடலாமே என்றேன்.

"பயந்த மனிசனாவே மௌத்தாகப்படாது தம்பி" என்றார். பயந்தவனாகவே சாகக் கூடாதாம்.

நேற்று விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் கரைக்குப் போனேன். காக்காவின் முகம் அதற்குள் நல்ல கறுப்பாகியிருந்தது. தோணிக்காரர்களுக்குள் நின்றால் வேறுபிரிக்க முடியாது. மீராசா தோணியில் நின்றபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்ப சரி காக்கா. ஏறுங்க" என்று கையை நீட்டினார்.

அலை முழங்காலுக்கு வந்தது. காக்கா கையைக் கொடுத்தார். அது நடுங்கிய நடுக்கம் நான் நின்ற இடத்துக்கே தெரிந்தது. பிடித்த மாத்திரத்தில் மீராசா நிமிர்ந்து பார்த்தார். காக்கா தலையைக் குனிந்து, கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். மீராசா விடவில்லை. மற்றக் கையாலும் அந்தக் கையைப் பொத்திப் பிடித்து, அவரைத் தோணிக்குள் இழுத்துக்கொண்டார்.