பூமாரி அக்காவின் காதும் ஆறுமணிக்குருவியும்

ஸ்ரீபெரும்புதூரில் ஓர் எறும்பு தும்மினால், பூமாரி அக்கா ஒரகடத்தில் பல் விளக்கிக்கொண்டே அது ஆண் எறும்பா பெண் எறும்பா என்று சொல்லிவிடுவாள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றால், எத்தனையாவது பெட்டியில் யார் குறட்டை விடுகிறார்கள் என்று எங்கள் வீட்டு மாடியிலிருந்தே கேட்பாள். ராடார் வைத்திருக்கிற நாடுகளெல்லாம் அதை எடைக்குப் போட்டுவிட்டு அக்காவை வேலைக்கு எடுத்துக்கொண்டால் கரண்டு செலவாவது மிச்சமாகும்.

இதில் கொஞ்சம் நான் சேர்த்தது. எவ்வளவு என்று கேட்கக்கூடாது.

சேர்க்காத விவரம் இதுதான். பூமாரிக்கு வயது இருபத்தாறு. ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கார் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாருக்குக் காது கொடுப்பது வேலை. சத்தம் புகாத கூண்டுக்குள் உட்கார்ந்து ஸ்விட்சைத் தட்டுவாள். மோட்டார் நாலு வினாடி ஓடும். சத்தம் சரியென்றால் ஓகே. சரியில்லை என்றால் என்ஜி என்று எழுதிய சிவப்பு ஸ்டிக்கர். ஒரு ஷிஃப்டுக்கு எண்ணூறு மோட்டார். வடக்குப்பட்டில் எங்கள் அம்மா கங்கம்மாள் வாடகைக்கு விட்டிருக்கும் ஆறு அறைகளில் மாடிக் கடைசி அறை அவளுடையது.

நான் சந்திரலேகா, வயது பதினேழு. பத்தாம் வகுப்பில் நானும் கணக்கும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்வதில்லை என்று பேசிப் பிரிந்துவிட்டோம். இப்போது தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதும் யார் லைட்டை அணைக்காமல் போனார்கள் என்று பார்ப்பதும் என் உத்தியோகம். எனக்கென்று இருக்கும் ஒரே சொத்து முன்பல் இடுக்கு. அதை வைத்து எந்தச் சத்தத்தையும் விடுவேன். குக்கர் விசில் விட்டால் ஆறு அறையிலும் அடுப்பைப் பார்க்க ஓடுவார்கள். கம்பெனி பஸ் ஹாரன் விட்டால் பாதிப் பின்னலோடு படியிறங்கி வருவார்கள்.

பூமாரி அக்கா மட்டும் அசையமாட்டாள்.

"பஸ் ஹாரன்ல ரெண்டு சத்தம் சேந்து வரும்ட்டி. ஒன்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. போயி இன்னொண்ணு வாங்கிட்டு வா" என்பாள், தலையைக்கூடத் திருப்பாமல்.

முதல் தடவை அப்படிச் சொன்ன அன்றைக்கே முடிவு செய்தேன், இந்தக் காதை ஒரு நாளாவது ஏமாற்றாமல் விடுவதில்லை என்று.

அவளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மதிய ஷிஃப்ட் வரும். அந்த வாரம் காலை ஐந்தரைக்கெல்லாம், "காத கழுவிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஏரிக்குப் போவாள். கையில் போன், ஒரு நோட்டு, எங்கள் அம்மாவின் அலுமினியப் பேசின். பேசினுக்கு நடுவில் போனை வைத்துச் சத்தம் வரும் பக்கம் சாய்த்துப் பிடித்தால் நன்றாகப் பதிவாகுமாம். கரையில் எதிரே வருகிறவர்கள், "இன்னாமா, இட்லியா? சூடா கீதா?" என்று கேட்பார்கள். "தீந்துபோச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு நடப்பாள்.

நோட்டை ஒரு நாள் திருட்டுத்தனமாகப் படித்தேன். ஐந்து நாற்பத்திரண்டு, செம்போத்து, குடத்துக்குள்ள வாய வச்சு பேசுத மாதிரி. ஐந்து ஐம்பது, ஆட்காட்டி, நாயப் பாத்துக் கத்துது, நாய் கண்டுக்கல. ஐந்து ஐம்பத்தைந்து, சில்வண்டு, கலங்கல் பக்கம், கார்பன் பிரஷ் தேஞ்ச மோட்டார். அதற்குக் கீழே ஒரு வெட்டுக்கிளி, கியரில் பல் உடைந்த மோட்டார். காதைக் கழுவப் போன இடத்திலும் பூச்சிக்கெல்லாம் என்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நோட்டை மடங்காமல் அதே இடத்தில் வைத்துவிட்டுத்தான் சிரித்தேன்.

அந்த நோட்டில் ஒரே ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு இருந்தது. போன வருடம் அக்டோபர், ஆறு மணி, ஆறுமணிக்குருவி, ரெண்டு தடவ.

அவள் ஊர்ப்பக்கம் குளிர்காலத்தில் வருகிற குருவி அது. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரண்டு சுரத்தில் சீட்டியடிக்குமாம். இங்கே ஐப்பசியில் வந்து சில நாள் தங்கிவிட்டுத் தெற்கே போகுமாம். அன்றைக்குப் பார்த்துப் போனில் சார்ஜ் இல்லை. கேட்டதை மட்டும் எழுதி, பறவைக் கணக்கு எடுக்கும் குழுவுக்கு அனுப்பினாள். எங்கள் பக்கத்து ஏரிகளைச் சரிபார்க்கும் இராமச்சந்திரன் என்பவர் மரியாதையாகப் பதில் போட்டார்: கேட்டேன் என்பது போதாது, ஒலிப்பதிவு வேண்டும், அதுவரை கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

"எண்ணூறு மோட்டாருக்கு ஏங் காத நம்பி காரு ஓட்டுதானுவ. ஒரு குருவிக்கு நம்பமாட்டாராம்" என்று அன்று அவள் சொன்னபோது மட்டும் அவள் குரலில் விளையாட்டு இல்லை.

இந்த வருடம் ஐப்பசியில் அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மதிய ஷிஃப்ட் வாரம். மற்ற வாரங்களில் காலை ஆறு மணிக்கு அவள் கம்பெனிக்குள் இருப்பாள். மாலை ஆறு மணியையும் ஞாயிற்றுக்கிழமைக் காலையையும் நம்ப முடியாது. கிரிக்கெட், டிப்பர் லாரி, சைலன்சர் கழற்றிய பைக் எல்லாம் சேர்ந்தால் குருவி கத்தியது குருவிக்கே கேட்காது. அந்த வாரச் சனிக்கிழமையோடு கான்ட்ராக்டும் முடிகிறது. திங்கட்கிழமை முதல் இருங்காட்டுக்கோட்டையில் வேறு கம்பெனி, ஹாஸ்டல். ஆக, அந்தக் கேள்விக்குறியை அழிக்க அவளுக்கு இருந்தது ஆறு காலை.

முதல் காலையில் குருவி வரவில்லை. இரண்டாவது காலை, செவ்வாய்க்கிழமை, நான் வந்தேன்.

போனில் அந்தக் குருவியின் சத்தத்தைத் தேடி, இரண்டு நாள் போர்வைக்குள் பழகியிருந்தேன். கரைக்குக் கீழே ஆவாரம் புதருக்குள் குந்திக்கொண்டு, ஆறு அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது விட்டேன். வீ... ட்யூ. மேலே நடை நின்றது. இன்னொரு தடவை விட்டேன். பேசின் மெதுவாக என் பக்கம் சாய்ந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் எனக்கு வயிறு வலித்தது.

எட்டு மணிக்கு அக்கா கீழே வந்து எல்லோருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தாள்.

"இன்னா விசேசம் பூமாரி?" என்று அம்மா கேட்டாள்.

"குருவி கெடச்சிட்டுக்கா. ஞாயித்துக்கெழம நிதானமா எழுதி அனுப்பப்போறேன். இந்தாட்டி லேகா, நீ ரெண்டு எடுத்துக்க."

கடலைமிட்டாயைக் கடித்தபோதுதான் உறைத்தது. இராமச்சந்திரன் அதைக் கேட்பார். ஒரு பெண் பல் இடுக்கில் சீட்டியடிக்கிறாள் என்று கண்டுபிடிப்பார். அப்புறம் கேள்விக்குறி குருவிக்குப் போடமாட்டார். அக்காவுக்கே போடுவார்.

சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு நான் ஒன்றும் அவ்வளவு நல்ல பெண் இல்லை. அதனால் புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்தேன்.

"இன்னாடி, சூரியன் எந்தப் பக்கம் மொளைக்குது?" என்றாள் அம்மா.

"வாக்கிங்மா. ஒடம்பு ஏறிக்கினே போவுது."

"ஒடம்பா? கீற எலும்பையும் கரைச்சிட்டு வந்து நிக்காத."

அந்தக் குருவி கரையில் நடக்கிறவர்கள் கண்ணில் படாது, நிழலில் சருகைக் கிளறித் தின்னும் என்று போனில் போட்டிருந்தது. எங்கள் ஏரியில் அப்படி ஓர் இடம்தான் உண்டு. ஏரி நிறைந்தால் தண்ணீர் வழியும் கலங்கலைத் தாண்டி, பஞ்சாயத்து பம்ப் ஷெட்டுக்குப் பின்னால், ஒரு கம்பெனிச் சுவருக்கு இந்தப் பக்கம், ஒரு நாவல் மரமும் அதைச் சுற்றிக் கருவேலம் புதரும். உடைந்த பீர் பாட்டில்களுக்குப் பயந்து வாடகைக்கு இருக்கும் பெண்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அந்தப் பாட்டில்கள் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

புதன் ஒன்றுமில்லை. வியாழனும் ஒன்றுமில்லை, பனியில் சளி பிடித்தது தவிர. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மரத்தடிச் சருகில் ஏதோ துள்ளியது. பச்சை முதுகு, வயிற்றுக்குக் கீழே சிவப்பு, வாலை எங்கேயோ மறந்துவிட்டு அவசரமாகக் கிளம்பி வந்தது போல ஓர் உடம்பு. தலையைப் பின்னால் சாய்த்து, வீ... ட்யூ என்றது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் விட்டதெல்லாம் ஒரு சீட்டியா?

போனை நீட்டி நாற்பது வினாடி பிடித்தேன்.

கம்பெனிக்குள் போன் விடமாட்டார்கள் என்பதால் அக்கா அதை அறையிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போவாள். மாற்றுச் சாவி எங்களிடம் இருக்கிறது. அவள் போன் திறக்கும் கோடும் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மதியம் என் சீட்டியை அழித்தேன். குருவியை ஏற்றினேன். நாளையும் நேரமும் மட்டும் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றத் தெரியவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். படியிறங்கும்போது உலகத்திலேயே புத்திசாலி நான்தான்.

சனிக்கிழமை ஐந்தேகாலுக்கு யாரோ என் போர்வையை உருவினார்கள்.

"ஏட்டி, எந்திரி. இன்னிக்குக் கடசி நாளு. தொணைக்கு வா."

பேசினை என் தலையில் கவிழ்த்துவிட்டு அக்கா முன்னால் நடந்தாள். கரையில் நிற்கவில்லை. செம்போத்துக்கு நோட்டைத் திறக்கவில்லை. கலங்கலைத் தாண்டினாள்.

"அக்கா, அந்தப் பக்கமெல்லாம் ஒரே பாட்டிலா கீதுக்கா. கால்ல குத்திக்கும்."

"நீதான் இருக்கியே, வழி காட்டு."

பம்ப் ஷெட்டின் பின்னால் நாவல் மரத்துக்குப் பத்தடி முன்னால் நின்றாள். பேசினை என் தலையிலிருந்து எடுத்துப் போனை வைத்தாள். மூச்சு விடாதே என்று கையைக் காட்டினாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த எனக்கு அது லேசான வேலை இல்லை.

சரியாக ஆறு. வீ... ட்யூ. ஐந்து தடவை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவள் கூண்டுக்குள் மோட்டார் கேட்கும்போதும் இப்படித்தான் இருப்பாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் மோட்டாருக்கு யாரும் இப்படிச் சிரித்திருக்க முடியாது.

அங்கேயே நின்று அனுப்பினாள். நாங்கள் கலங்கலுக்குத் திரும்பி வருவதற்குள் பதில் வந்துவிட்டது. இராமச்சந்திரன் சீக்கிரம் எழுகிறவர். "உறுதி. போன வருடக் கேள்விக்குறியையும் எடுத்துவிட்டேன். உங்கள் காதிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்." அக்கா அதை மூன்று தடவை படித்தாள். பிறகு பேசினைத் தட்டிக்கொண்டே கலங்கல் மேல் உட்கார்ந்தாள்.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "எப்டிக்கா கரெக்டா அந்த எடத்துக்குப் போன?" என்றேன்.

"அதக் கேக்கத்தான் காத்துக்கிட்டிருந்தேன்" என்று போனைத் தட்டினாள். என் சீட்டி.

"இத நான்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அழிச்சியா? செவ்வாக்கெழமையே வாட்சப்புல எனக்கே அனுப்பி வச்சிட்டேம்லா. ரெண்டாவது சொரத்துல காத்து ஒழுகுது பாரு. பல்லு இடுக்கு. என்ஜி."

"அப்ப எதுக்குக்கா கடலமிட்டாயி குடுத்த?"

"நீ எத்தன நாளு முழிக்கேன்னு பாக்கத்தான். இப்ப இதக் கேளு. நேத்து நான் எடுக்காமலே ஏம் போனுக்குள்ள வந்து ஒக்காந்திருக்கு." வெள்ளிக்கிழமைக் குருவி கூப்பிட்டது. "பின்னால ம்ம்முனு பம்பு. அந்தக் கம்பெனிச் செவத்துக்கு அப்பறம் புஸ்ஸுனு கம்ப்ரசர். ரெண்டும் ஒரே அளவு கேக்குத எடம் இந்த ஏரியில ஒண்ணுதான் இருக்கு."

"அது எதுனா... தானா டவுன்லோடு ஆயிருக்கும்க்கா. எனக்கு இன்னா தெரியும்? குருவிக்காக காலங்காத்தால எந்திரிக்கிற ஆளா நான்?"

"நீயா? சேச்சே." அக்கா ஒலியைக் கூட்டி, கடைசி ஐந்து வினாடியை மறுபடி ஓட்டினாள். குருவி, பம்பு, கம்ப்ரசர், அதற்கு நடுவில் சர்ரென்று ஈரமாக ஒன்று. "எல்லாம் சரியாத்தான் இருக்கு. இந்தக் குருவிக்குச் சளி எப்பட்டி புடிச்சுது?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் என் புறங்கை மூக்கைத் துடைத்துவிட்டது.