வாடை போன தொட்டி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு மாற்றுச் சட்டையும் ஒரு ஸ்பானருமாகத் திருவனந்தபுரத்தில் பஸ் இறங்கினேன். பிறகு ஒரு ரசாயனக் கம்பெனியில் மேஸ்திரி ஆனேன், கரமனையில் சொந்த வீடு கட்டினேன். இதையெல்லாம் நானேதான் சொல்ல வேண்டியிருக்கிறது, எனக்காகச் சொல்ல வேறு ஆள் கிடையாது. எஞ்சினீயர் படித்து வந்தவர்கள் எத்தனையோ பேர், எந்தக் குழாய் எங்கே போகிறது என்று என்னிடம் கேட்டுத்தான் வேலை கற்றார்கள்.

கம்பெனி நெய்யாற்றின்கரை போகும் வழியில் இருந்தது. தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் வேண்டிய உப்புகளைச் செய்தோம். கழிவு முழுவதும் தரைக்கடியில் இருந்த ஒரு கான்கிரீட் தொட்டிக்கு வரும். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை அடியில் சேறு கட்டி பம்பு அடைத்துக்கொள்ளும். அப்போது மூடியைத் திறந்து ஆள் இறங்க வேண்டும். அதற்கு முன்பு நான் குப்புறப் படுத்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பேன். அழுகின முட்டை வாடை இருந்தால் யாரும் இறங்கக் கூடாது. வாடை போனதும் எழுந்து தலையை ஆட்டுவேன், இறங்குவார்கள். பெர்மிட் காகிதத்தில் யார் கையெழுத்துப் போட்டாலும் ஆட்கள் பார்த்தது என் தலையைத்தான். பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே நடந்தது. ஒருவனுக்கும் ஒன்றும் ஆனதில்லை.

"மேஸ்திரியுடெ மூக்குக்கு ஆபீசுல தனியா ஒரு கசேரை போடணும்," என்பான் ஒரு மலையாளி ஹெல்பர். மூக்குக்கு நாற்காலி என்பது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

தொண்ணூறுகள் முடியும் சமயத்தில் சேஃப்டி ஆபீசர் ஒருவர் புதிதாக வந்தார். விஷவாயுவை அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கினார். முதுகில் சிலிண்டரோடு மாட்டிக்கொள்ளும் முகமூடி வாங்கினார். சனிக்கிழமைதோறும் கேன்டீனில் வகுப்பு எடுத்தார். நான் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பம்பைப் பார்க்கப் போகிறேன் என்று நழுவிவிடுவேன். வேலை மும்முரம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் எதையாவது வாசிக்கச் சொல்லிவிடுவார் என்ற பயம்தான் காரணம். மலையாள எழுத்தும் எனக்குத் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. ஆட்கள் முன்னால் அது வெளியே வருவதை நான் விரும்பவில்லை.

அன்றைக்குக் காலையில் பம்பு அடைத்துவிட்டது. தொட்டி வழிந்து, மதிலுக்கு வெளியே இருந்த வாழைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ந்தது. தோட்டக்காரர்கள் கேட்டில் வந்து சத்தம் போட்டார்கள். ஒரு சின்ன மோட்டாரை வைத்துத் தண்ணீரை வேறு குழிக்கு இறைத்தோம், சேறு மட்டும் அடியில் நின்றது. மீட்டரோ ரிப்பேருக்காகக் கொச்சிக்குப் போயிருந்தது.

"அண்ணாச்சி, பக்கத்து கம்பெனியில ஒரு மீட்டர் உண்டு. நான் போயி எடுத்திட்டு வரேன். அதுவரைக்கும் ஆரும் இறங்கண்டா," என்று சொல்லிவிட்டு ஆபீசர் பைக்கில் போனார்.

முக்கால் மணி நேரம் பொறுத்தேன். கேட்டில் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. மானேஜர் இரண்டு தடவை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தொட்டிக்குள் காற்று அடிக்கும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் படுத்துத் தலையை உள்ளே விட்டேன். முதல் மூச்சில் கண் எரிகிற அளவுக்கு வாடை. இரண்டாவதில் குறைந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். ஒன்றும் இல்லை, வெறும் ஈரக் காற்று மாதிரி இருந்தது.

"வாடை போயாச்சு," என்று எழுந்து தலையை ஆட்டினேன்.

"சார் நிக்கச் சொன்னதல்லே மேஸ்திரி?" என்றான் ஹெல்பர்.

"உங்க சார் மீட்டரைக் கண்ணால பாக்கதுக்கு முன்னாலயே நான் இந்தத் தொட்டியப் பாத்தவன்லே."

என் மச்சினன் வேட்டியை மடித்துக் கட்டினான். என் மனைவியின் கடைசித் தம்பி. நான்தான் அவனை வேலையில் சேர்த்தேன், எங்கள் வீட்டில்தான் இருந்தான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். "அத்தான் சொன்னா போதும்," என்று மண்வெட்டியோடு ஏணியில் இறங்கினான். இடுப்பில் கயிறு கட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு தடவை சேற்றை வெட்டினான். மூன்றாவதற்கு மண்வெட்டியை ஓங்கியவன், அலுத்துப்போனவன் மாதிரி மெதுவாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கூப்பிட்டேன். தலை தொங்கிவிட்டது.

நான் ஏணியில் கால் வைத்தேன். அந்த நேரத்தில்தான் ஆபீசர் வந்தார். தொட்டிக்குப் பத்தடி தூரத்திலேயே அவர் கையிலிருந்த மீட்டர் கூவ ஆரம்பித்தது. அதைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். விழுந்த என்மேல் நாலு பேர் ஏறி உட்கார்ந்தார்கள்.

"நீங்களும் போனா ரெண்டு பேரு அண்ணாச்சி. நில்லுங்க."

"வாடையே இல்ல சாரே. விடுங்க, வாடையே இல்ல."

ஒரு மோட்டாரைத் தனியாகத் தூக்கினவன் நான். அன்றைக்கு என்னால் ஒரு கையைக்கூட அசைக்க முடியவில்லை. மண்ணில் கன்னத்தை வைத்தபடி, முகமூடியை எடுக்க ஸ்டோருக்கு ஆள் ஓடுவதைப் பார்த்தேன். ஸ்டோர் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். நடந்தால் எத்தனை அடி என்றுகூடத் தெரியும். அது அத்தனை தூரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கினது, என்னைக் கிண்டல் செய்கிற அந்த ஹெல்பர்தான். கயிற்றில் கட்டி மேலே இழுத்தார்கள். மச்சினனின் உதடு நீலமாக இருந்தது.

மெடிக்கல் காலேஜ் வராந்தாவில் ஹெல்பர் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கிளாசுல சார் இதத்தானே பறஞ்சாரு மேஸ்திரி. இந்த கேஸ் கூடினா முதல்ல மூக்குதான் சாகும். வாடை போச்சுன்னா ஓடணும்னு பறஞ்சாரு. நீங்களும் அன்னைக்கு ரெஜிஸ்டர்ல ஒப்பு போட்டீங்களே," என்றான். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்றே அவன் நினைத்திருந்தான்.

மச்சினன் பிழைத்துக்கொண்டான். மூன்று வாரம் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கை நடுங்கும். பழைய விஷயங்கள் எல்லாம் ஞாபகம் இருந்தன, என்னைத் தெரிந்தது, அக்காவைத் தெரிந்தது. புதிதாக எதைச் சொன்னாலும் தங்கவில்லை. மூளைக்குக் காற்று போகாமல் இருந்ததால் அப்படி என்றார் டாக்டர். சரியாகுமா என்று கேட்டேன். அவர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

"எனக்கு என்ன அத்தான் ஆச்சு?" என்று தினமும் கேட்பான். காய்ச்சல் என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மனைவியையும் உட்கார வைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். வகுப்பில் உட்காராததையும் சொன்னேன். அவன் கவனமாகக் கேட்டான்.

"வேணும்னா செஞ்சீங்க? விடுங்க அத்தான்," என்றான். நான் அழுதேன். மனைவி மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்தாள்.

சாயங்காலம் சாயா குடிக்கும்போது அவன் மறுபடியும் கேட்டான். மறுபடியும் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். சில நாள் மன்னித்தான். ஒரு நாள் டம்ளரை என்மேல் விட்டெறிந்தான். "ஒங்கள நம்பித்தானே எறங்கினேன்," என்று கத்தினான். அதுவும் அடுத்த நாள் அவனுக்கு நினைவில்லை. என் நெற்றியில் இருந்த கட்டைப் பார்த்து, எங்கே இடித்துக்கொண்டீர்கள் என்று கேட்டான்.

மனைவி என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள்.

"போதும். நீங்க சொல்லிச் சொல்லி ஒங்க பாரத்த எறக்குதீங்க. அவன் ஒவ்வொரு தடவையும் இப்பதான் நடந்த மாதிரி கேக்கான். இனிமே காய்ச்சல்னே சொல்லுங்க."

அதன்பிறகு காய்ச்சல் என்றுதான் சொல்கிறேன். இன்று காலையும் கேட்டான். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடி சொன்னேன்.

"இப்ப கொள்ளாம்தானே அத்தான், காய்ச்சல் போயாச்சுல்லா? நாளைக்கு ஒங்ககூட வேலைக்கு வரட்டா?"

நாளைக்குக் கம்பெனி லீவு என்றேன்.