இரண்டு பின்னல் போட்ட படம்

சுனாமி அண்டு காலையில நான் கல்முனைச் சந்தையில மரக்கறி வாங்கிக் கொண்டு நிண்டேன். கடற்கரை வீட்டில அவரும் மகளும். அவரை மூண்டாம் நாள் ஒரு வேலிக் கம்பிக்குள்ள இருந்து எடுத்து அடக்கம் பண்ணினோம். ஒன்பது வயசுப் பிள்ளை மட்டும் கிடைக்கல்ல. கிடைக்காத பிள்ளையைச் செத்துப் போச்சு எண்டு ஆர் சொல்லலாம்? முப்பத்தோராம் நாள் சடங்கை ரெண்டு பேருக்கும் சேர்த்துச் செய்வம் எண்டு வந்த சொந்தக்காரரை வாசலோட திருப்பி அனுப்பினேன். "அவருக்குச் செய்யுங்க. என்ட பிள்ளைக்கு எள்ளுத் தண்ணி இறைச்சீங்க எண்டா இந்தப் பக்கம் வராதீங்க" எண்டேன்.

பிறகு கோயில் கோயிலா அலைஞ்சேன். பெரிய கோயில்களில கூட்டம், அங்க என்ட குரல் சாமிக்குக் கேக்காது எண்டு ஒரு நினைப்பு. அதனால ஆரும் அவ்வளவு போகாத பழைய இடங்களாப் பார்த்துப் போனேன். சாகாமம் குளத்துக்கு அங்கால வயலுக்குள்ள நாலு கல்லுத்தூணும் ஒரு கல்லு நாகமும் கிடக்கும், அங்க. சங்கமன்கண்டிக் காட்டில பிள்ளையார் இருக்கிறார், அவரிட்ட. கடல் மண்ணுக்குள்ள பாதி புதைஞ்ச ஒரு பலிபீடம், அதையும் விடல்ல. சூடம் கொளுத்தக்கூட ஆள் இல்லாத இடங்கள். நான் கும்பிட்டது குறைவு, ஏசினதுதான் கூட. "இஞ்ச இவ்வளவு காலம் சும்மா இருந்தது போதும், எழும்பி என்ட பிள்ளையைத் தேடு. நான் தர வேண்டியதைத் தந்திட்டேன், இனி நீ தா" எண்டு கத்துவேன்.

எல்லா இடத்துக்கும் என்னைக் கொண்டு போனது நிந்தவூர் ஓட்டோக்கார முஸ்லிம் அண்ணன் ஒருத்தர், காக்கா எண்டுதான் கூப்பிடுவேன். கோயிலுக்குள்ள வர மாட்டார். மர நிழலில வெத்திலை போட்டுக் கொண்டு இருப்பார். நான் வெளியில வந்தா, "என்ன தங்கச்சி, இண்டைக்கு ஆர் வெண்டது?" எண்டு கேப்பார். அவருக்கு மட்டும்தான் நான் சிரிப்பேன்.

கையில எப்பவும் மகள்ற படம் ஒண்டு. ஆலையடிவேம்பில என்ட தங்கச்சி வீட்டில இருந்ததால அது தப்பினது. இரண்டு பின்னல், சிவப்பு ரிப்பன். ஆஸ்பத்திரி, முகாம், கரை ஒதுங்கின மையத்துகளை அடக்கின ஊர்கள், எல்லா இடத்திலயும் அதைத்தான் நீட்டினேன். நிந்தவூரிலயும் நீட்டினேன். இப்பிடி ஒரு பிள்ளை வரல்ல எண்டாங்க. காக்காவும் நூறு தடவை அதைப் பார்த்திருப்பார்.

சண்டை முடிஞ்ச வருசம், வன்னியில இருந்து வந்த சனத்தை வவுனியா முகாமில வச்சிருக்கு, அதுக்குள்ள தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் கனபேர் எண்டு கேள்விப்பட்டேன். அவ்வளவுதான், எனக்கு உயிர் வந்திட்டுது. ஆரோ என்ட பிள்ளையைக் கடலில இருந்து தூக்கிக் கொண்டு போய் வளர்த்திருக்காங்க, வேற என்ன? இப்ப பதினாலு வயசு. அந்த அளவுக்கு ஒரு சல்வாரும் வாங்கிப் பையில வச்சேன். ஒரு கோயில்தான் பாக்கி, உகந்தை. இவ்வளவு நாளும் சண்டையால பாதை மூடிக் கிடந்தது. அங்க ஒரு தேங்காய் உடைச்சிட்டு வவுனியாவுக்கு பஸ் ஏறுறது எண்டு முடிவு எடுத்தேன்.

பாணமைக்குப் பிறகு காடும் மண் பாதையும்தான். ஆமிக்காரர் ரெண்டு இடத்தில இறக்கிப் பார்த்தாங்க. கடலோரத்தில பெரிய பாறைகள், அதுக்குப் பக்கத்தில முருகன். அண்டைக்கு நான் ஏசல்ல. நல்ல பிள்ளையாக் கும்பிட்டிட்டு வெளியில வந்தேன்.

ஓட்டோவுக்குப் பக்கத்தில ஒரு சின்னப் பிள்ளை நேர்த்திக்கு முடி இறக்கி, மொட்டைத் தலை முழுக்கச் சந்தனத்தோட, ஐஸ்பழம் சூப்பிக் கொண்டு நிண்டுது. வாய் தன்ட பாட்டில கதைச்சிட்டுது.

"என்ட பிள்ளையும் இப்பிடித்தான் காக்கா நிண்டவள். நெருப்புக் காய்ச்சல் மாறினா மொட்டை அடிக்கிறன் எண்டு நேர்ந்தேன். அடிச்சுப் பன்னிரண்டாம் நாள் கடல் வந்திச்சு."

காக்கா வெத்திலையைத் துப்பினார். "என்ன சொல்றீங்க? படத்தில பின்னல் இரிக்கே?"

"அது பழைய படம்."

"அஞ்சு வருசமா ஏன் தங்கச்சி இதைச் சொல்லல்ல?"

ஏன் சொல்லல்ல? சுனாமி முகாமில முதல் நாளே நான் இதைச் சொல்லி அழைக்குள்ள ஒருத்தி, "முடியையும் குடுத்துப் பிள்ளையையும் குடுத்தியா?" எண்டு என்ட முகத்துக்கு நேர கேட்டாள். அண்டையோட அந்தக் கதையை வாயால எடுக்கிறதில்ல எண்டு வைராக்கியம் வச்சேன். படத்தை நீட்டினாப் போதும் எண்டு நினைச்சேன், மடைச்சி.

திரும்பி வரைக்குள்ள காக்கா வெத்திலைக்குக் கூட எங்கயும் நிப்பாட்டல்ல. பொத்துவில், திருக்கோவில், அக்கரைப்பற்று எல்லாம் கழிஞ்சுது. என்னைக் கல்முனைக்குக் கொண்டு போகாம, நிந்தவூரில தன்ட வீட்டு வாசலில நிப்பாட்டினார்.

"உள்ளுக்கு வாங்க. நான் சொல்ல ஏலாது. எங்கட ஊட்டுக்காரிதான் சொல்லோணும்."

சுனாமியில நிந்தவூர்க் கரையில ஒதுங்கின பொம்பிளை மையத்துகளைக் குளிப்பாட்டினவங்களில அவர்ர மனுசி ராத்தாவும் ஒருத்தி. "அந்த மொட்டைப் புள்ள" எண்டு காக்கா சொன்ன உடனே அவ என்னைப் பார்த்தா. எனக்குப் பக்கத்தில வந்து பாயில இருந்தா.

"மொட்டைப் புள்ளையத் தேடி ஆரும் வரல்ல. நோய்க்கு மருந்து குடிச்சு முடி போன புள்ளையாக்கும் எண்டு நினைச்சம். ஆர்ட புள்ளையோ, நம்மட புள்ளைதான் எண்டு கபன் துணி சுத்தி மையவாடியில அடக்கினாங்க, தங்கச்சி."

"ஏன் ராத்தா, உலகத்தில என்ட பிள்ளை மட்டுமா மொட்டை?" எண்டு பாய்ஞ்சேன். எனக்கு அவவை அடிக்க வேணும் போல இருந்திச்சு.

அவ கோவிக்கல்ல. "காதுக்குப் பின்னால ஒரு வெட்டு. பொருக்குக் கட்டியிருந்திச்சு" எண்டா.

மொட்டை அடிச்ச அண்டு கத்தி வழுக்கிப் பட்ட வெட்டு அது. முடி இறக்கின மனிசனை நான் கோயிலடியிலயே வைச்சுக் கிழி கிழியெண்டு கிழிச்சேன். தலையில தண்ணி வார்க்கிற நேரமெல்லாம் பிள்ளை காதைப் பொத்திக் கொண்டு, "எரியுது அம்மா, எரியுது அம்மா" எண்டு குழறுவாள். நானும், எவ்வளவு நேரம் எண்டு சினந்து, ஒரே வாளியா ஊத்தி விடுவேன்.

"எந்தக் காது?" எண்டு கேட்டேன். வலது எண்டு சொல்லு, வலது எண்டு சொல்லு எண்டு மனசு அடிச்சுக் கொண்டுது.

"இடது."

சல்வார் வச்ச பை மடியில இருந்திச்சு. நான் அதின்ட பிடியைச் சுத்திச் சுத்தி முறுக்கினதைப் பார்த்திட்டு, ராத்தா என்ட கையைத் தன்ட கைக்குள்ள எடுத்தா.

"அந்த இடத்தைக் கையால பொத்திக் கொண்டுதான் மெல்ல மெல்லத் தண்ணி வார்த்தேன், தங்கச்சி" எண்டா. "புள்ளைக்கு எரியும் எண்டு."